நம் ஆள் அடிபட்டுக் கிடக்கும்போது சமாதானம் பேசுகிறவன் துரோகியா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் தன் கூட்டத்தோடு நிற்பது இயல்பு, அந்தப் பற்றுதான் வன்முறைக்கும் வேர். அப்படியிருக்க, தன் ஆள் ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது பேச்சுவார்த்தை, சமாதானம் என்று கிளம்புகிறவன் கோழையா, துரோகியா, இல்லை உலகம் தெரியாதவனா?

மூன்றும் இல்லை என்பது என் பதில். ஆனால் அதை வெறும் நல்ல எண்ணமாகச் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு ஒரு பயனும் இருக்காது. கேள்விக்குள் இருக்கும் கோபம் உண்மையானது, அதற்கு நியாயமும் இருக்கிறது. குலப்பகைகளைப் பற்றி, குறிப்பாக அவை எப்படி நின்றன என்பதைப் பற்றி, ரொம்ப வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: சண்டையை நிறுத்தினால் தேவலை என்று நினைக்கிறவர்கள் எப்போதும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், தலைகுனியாமல் நிறுத்துவதற்கு அவர்களுக்கு ஒரு வழி இருப்பதில்லை. அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர்கள் யாரும் குலப்பற்று இல்லாதவர்கள் கிடையாது. தன் கூட்டத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான்.

முதலில் அந்தப் பற்றைப் பார்ப்போம். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ரத்த உறவு என்றால் சரி, ஆனால் தசை ஆட ரத்த உறவுகூட வேண்டியதில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்று ஒரு உளவியலாளர், போலந்தில் பிறந்த யூதர், இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக இருந்து மீண்டு வந்தபோது அவருடைய சொந்தபந்தத்தில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. 'அவர்கள் வேறு, நாம் வேறு' என்ற எண்ணம் எங்கே பிறக்கிறது என்று அவர் வாழ்நாள் முழுக்கத் தேடியதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பள்ளிப் பையன்களுக்கு க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடைய படம் பிடிக்கிறது என்பதை வைத்து இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. அப்புறம் பணத்தைப் பங்கிடச் சொன்னார். தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் தன் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவை விட நாம் மேலே இருக்க வேண்டும் என்கிற மாதிரிப் பங்கிட்டார்களே, அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். அரை மணி நேரத்துக்கு முன்னால் இல்லாத ஒரு 'குலம்', அதற்காக இவ்வளவு.

இதைப் படித்துவிட்டு 'அப்போ மனிதன் பிறவியிலேயே இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பற்று ஒன்று, அடிதடி இன்னொன்று. 1954இல் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் முஸாஃபர் ஷெரீஃப் நடத்திய முகாம் ரொம்பப் பிரசித்தம். சுமார் பதினோரு வயதுள்ள 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார், பரிசு வைத்தார், கொடியை எரிக்கிற அளவுக்குப் பகை முற்றியது. கடைசியில் தண்ணீர் வராத குழாயையும் நின்றுபோன லாரியையும் கொடுத்து, இரண்டு அணியும் சேர்ந்தால்தான் முடியும் என்ற நிலையை உண்டாக்கியபோதுதான் பகை தணிந்தது. எல்லோரும் எடுத்துச் சொல்வது இதைத்தான். அவ்வளவாகப் பேசப்படாதது அதற்கு முந்தைய ஆண்டு, 1953இல், அவரே நடத்தித் தோற்றுப்போன முகாம். அங்கே பையன்கள் முதலில் ஒருவருக்கொருவர் நண்பர்களாகிவிட்டார்கள், அப்புறம்தான் பிரிக்கப்பட்டார்கள். முகாம் ஆட்களே ரகசியமாகச் சாமான்களைக் கலைத்துப் போட்டு, எதிரணிதான் செய்தது என்று நினைக்க வைத்துத் தூண்டிவிட்டும் அந்தப் பையன்கள் அடித்துக்கொள்ளவில்லை. இது பெரியவர்களின் வேலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு இந்த இரண்டாவது கதைதான் முக்கியம். அணி இருந்தது, பற்று இருந்தது, தூண்டிவிட ஆளும் இருந்தது. ஆனாலும் எதிர்ப்பக்கத்தில் பெயர் தெரிந்த ஒரு முகம் இருந்தபோது அடிக்கக் கை எழவில்லை.

சரி, பையன்களின் முகாமை விடுங்கள். நிஜமான குலப்பகை இத்தனை பிடிவாதமாக ஏன் தொடர்கிறது? போலீஸும் நீதிமன்றமும் எட்டாத இடத்தில், உன்னைத் தொட்டால் உன் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள் என்ற பயம் ஒன்றுதான் உன் உயிருக்குக் காப்பு. அந்தப் பயம் செத்துவிட்டால் நீ செத்தாய். ஆகவே பழி வாங்காமல் விட்டவனை எல்லோரும் கேவலமாகப் பார்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது, வெறும் மூர்க்கத்தனம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. பகைக்குள் வாழ்கிறவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று வெளியிலிருந்து பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

சோமாலியர்களிடம் இது ஒரு சட்டமாகவே இருக்கிறது. 'ஹேர்' என்பது அவர்களுடைய வழக்காற்றுச் சட்டம். ஒவ்வொரு ஆணும் 'மக்' என்ற உயிர் இழப்பீட்டைச் சேர்ந்து கட்டுகிற ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன், அதில் சில நூறு பேரிலிருந்து சில ஆயிரம் பேர் வரை இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் வெளியாளைக் கொன்றுவிட்டால் மொத்தக் கூட்டமும் சேர்ந்து இழப்பீடு கட்ட வேண்டும். மரபான கணக்கில் ஒரு ஆணின் உயிருக்கு 100 ஒட்டகம். கொலை செய்தவன் ஒருவன், ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நூறு குடும்பம். இதை முதன்முதலில் படித்தபோது இது என்ன அநியாயம் என்றுதான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உன் கூட்டத்தில் முன்கோபக்காரன் ஒருவன் இருந்தால் அவனை அடக்கி வைப்பது உன் சொந்தக் கவலையாகிவிடுகிறது, அவன் கத்தியைத் தூக்கினால் போவது உன் ஒட்டகம். எந்தப் பற்று 'வாடா போகலாம்' என்று கிளப்பிவிடுகிறதோ, அதே பற்றுதான் 'உட்காருடா' என்று தோளைப் பிடித்து அழுத்தவும் செய்கிறது.

பற்றைக் கழற்றி எறிந்தால்தான் அமைதி என்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். சோமாலியாவின் மத்திய அரசு 1991இல் நொறுங்கியபோது, வடக்கே சோமாலிலாந்துப் பகுதியின் குலப் பெரியவர்கள் 1993இல் போரமா என்ற ஊரில் கூடினார்கள். ஜனவரியில் தொடங்கிய கூட்டம் மே மாதம் வரை இழுத்தது. வாக்குரிமை பெற்ற பிரதிநிதிகள் மட்டும் 150 பேர், அவர்களைச் சுற்றி இன்னும் எத்தனையோ பேர், விருந்தோம்பலை உள்ளூர்க்காரர்களே பெருமளவு சுமந்தார்கள். ஒரு அதிபரைத் தேர்ந்தெடுத்து, குலப் பெரியவர்களுக்கென்று ஒரு அவையை ஆட்சி அமைப்புக்குள்ளேயே வைத்து, எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே சண்டை வந்தது, அதற்கும் மறுபடி உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தை என்றால் இழுத்தடிப்பு என்று சலித்துக்கொள்கிறோம். அந்த நான்கைந்து மாதத்தில்தானே ரத்தச் சூடு ஆறியது.

சூடு ஆறுவதற்கு நேரம், முகம் கெடாமல் பின்வாங்குவதற்கு ஒரு சாக்கு, இந்த இரண்டும் எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதை நூயர் மக்களிடம் பார்க்கலாம். இன்றைய தெற்கு சூடானில் வாழும் இவர்களைப் பற்றி ஈவான்ஸ்-பிரிட்சர்ட் என்ற மானுடவியலாளர் 1930களில் கூடவே இருந்து எழுதி வைத்தார். கொலை செய்தவன் நேராகச் சிறுத்தைத் தோல் போர்த்திய ஒரு மனிதரின் வீட்டுக்கு ஓடுவான். அவர் அவன் கையைக் கீறி ரத்தம் சிந்தவைக்கும் வரை அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அந்த வீட்டுக்குள் இருக்கும்வரை அவனை யாரும் தொட முடியாது. அந்தப் பெரியவருக்குப் படை கிடையாது, அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. சில வாரம் பொறுத்திருந்து, கொன்றவன் வீட்டார் எத்தனை மாடு கொடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, செத்தவன் வீட்டுக்குப் போவார். அவர்கள் முடியாது என்பார்கள். மறுபடி போவார், மறுபடி முடியாது. மறுத்தே ஆக வேண்டும், உடனே ஒத்துக்கொண்டால் செத்தவனுக்கு என்ன மரியாதை? கடைசியில் அவர் சபித்துவிடுவேன் என்று மிரட்டுவார், அவர்களும் 'மாட்டுக்காக இல்லை, உங்கள் முகத்துக்காக' என்று சொல்லி நாற்பது ஐம்பது மாட்டை ஏற்றுக்கொள்வார்கள்.

அவர் மிரட்டுவார் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் மறுப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த 'முடியாது' என்ற சொல்லுக்குள் மகனை இழந்த ஒரு அப்பா தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். இப்போது நாம் சமாதானம் பேசப் போகும் லட்சணத்தைப் பாருங்கள், முதல் தடவை அவன் முடியாது என்றதும் 'பார்த்தாயா, அவனுக்குச் சமாதானமே வேண்டாம்' என்று எழுந்து வந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த கதைகளில் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது கென்யாவின் வடகிழக்கில் உள்ள வஜீர். அங்கே வாழ்கிறவர்களும் பெரும்பாலும் சோமாலியர்கள்தான். 1992, 93இல் வறட்சி, செத்து விழும் மாடுகள், எல்லைக்கு அப்பால் அரசு நொறுங்கியதால் ஆறாகப் பாய்ந்து வந்த துப்பாக்கிகள், தேர்தல் பகை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அஜுரான், டெகோடியா, ஒகாடென் குலங்கள் ஒன்றையொன்று வேட்டையாடின. டேகா இப்ராகிம் அப்தி அந்த ஊர்ப் பெண், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு ராத்திரி குண்டுச் சத்தத்துக்குப் பயந்து குழந்தையை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருக்கிறார். பிறகு அவருடைய அம்மா, டேகா குழந்தையாக இருந்தபோது தானும் இப்படித்தான் பதுங்கினேன் என்று சொன்னாராம். மூன்று தலைமுறை, ஒரே கட்டிலடி. என் மகளுக்கும் இதுவே மிச்சமாகப் போகிறதா என்ற கேள்விதான் அவரைக் கிளப்பியது.

விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெண்கள் சேர்ந்தார்கள். சேர்ந்து எங்கே போனார்கள் என்று பாருங்கள், சந்தைக்கு. தலைவர்களிடம் போகவில்லை, ஆயுதம் வைத்திருந்தவர்களிடமும் போகவில்லை. ஒரு குலத்துக்காரி இன்னொரு குலத்துக்காரியிடம் வாங்குவதும் விற்பதும் நின்றுபோய், சிலர் சந்தைக்குள்ளேயே நுழைய முடியாத நிலை இருந்தது. எந்தக் குலமானாலும் இங்கே பயமில்லாமல் வந்து வாங்கலாம், விற்கலாம் என்று அந்தப் பெண்கள் பேசி முடித்து, அது நடக்கிறதா என்று கண்காணிக்கத் தங்களுக்குள்ளேயே ஆள் போட்டார்கள். தாக்குதல், திருட்டு, வம்பு எது நடந்தாலும் அவர்களிடம் வந்து சொல்ல வேண்டும். அடுப்பு எரிய வேண்டுமானால் சந்தை நடக்க வேண்டும், இதை மறுக்க எந்த வீரனாலும் முடியாது. சந்தை அமைதியானதும் அடுத்துப் பெரியவர்களிடம் போனார்கள். அங்கேயும் புத்தியாக ஒரு காரியம் செய்தார்கள். பெரியவர்கள் கூட்டத்தில் எல்லோருக்காகவும் பேசும் பொறுப்பு இருப்பதிலேயே மிகச் சிறிய குலத்தைச் சேர்ந்த ஒரு முதியவரிடம் போனது. அவரால் யாரையும் மிரட்ட முடியாது, அவரைக் கண்டு யாருக்கும் பொறாமையும் வராது.

1993 செப்டம்பரில் பெரியவர்கள் அல் ஃபதா உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆனால் காகிதத்தை விட, அதற்குப் பிறகு நடந்த அலுப்பான தினசரி வேலைதான் அதைக் காப்பாற்றியது என்பேன். எங்காவது ஒரு கொலை, ஒரு மாட்டுத் திருட்டு என்று கேள்விப்பட்டதும் பெரியவர்கள், பெண்கள், சமயத் தலைவர்கள், அரசு ஆட்கள் கலந்த ஒரு குழு அங்கே விரைந்து போய்விடும். வதந்தி போய்ச் சேர்வதற்கு முன்னால் இவர்கள் போய்ச் சேர வேண்டும். இந்த அமைதிக்குழு முறை பிறகு கென்யாவின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. டேகாவுக்கு 2007இல், மாற்று நோபல் என்று சொல்லப்படும் சரியான வாழ்வுக்கான விருது (Right Livelihood Award) கிடைத்தது, 2011இல் ஒரு சாலை விபத்தில் அடிபட்டு இறந்துவிட்டார். அவருடைய பேட்டிகளை எப்போது படித்தாலும் கண் கலங்கிவிடும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்தப் பெண்கள் தன் குலத்தை விட்டுக்கொடுத்தவர்களா? அவரவர் குலத்துக்குள் மதிப்பு இருந்ததால்தான் அவரவர் ஆட்களை அடக்க முடிந்தது. எதிரிக் குலத்தவனைப் போய் நிறுத்து என்று சொல்வது சுலபம், அதனால் ஒரு பயனும் கிடையாது. தன் அண்ணனிடம் போய் 'போதும்' என்று சொல்லத்தான் தைரியம் வேண்டும், அது எடுபடுவதற்கு அவள் தங்கையாகவும் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில், அப்போது யுகோஸ்லாவியாவுக்குள் இருந்த கொசோவோவில் 1990இல் நடந்தது வேறு மாதிரி. அல்பேனியர்களிடையே ரத்தப்பழி ஒரு பழைய மரபு. பழிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே வராமல் வருடக்கணக்கில் அடைந்து கிடந்த ஆண்கள் இருந்தார்கள். ஹவா ஷாலா போன்ற சில இளைஞர்கள், அதில் அரசியல் கைதியாகச் சிறையில் இருந்து வந்தவர்களும் உண்டு, வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். அன்டோன் செட்டா என்ற நாட்டுப்புறவியல் பேராசிரியர் சேர்ந்துகொண்டார், அப்போதே எழுபது வயது அவருக்கு. செத்தவனின் அப்பா எதிரே உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள், மௌனமாகவும் இருப்பார்கள். அவர் இசைந்தால் கையை நீட்டி 'இளைஞர்கள் பெயரால், மக்கள் பெயரால், கொடியின் பெயரால் இந்த ரத்தத்தை மன்னிக்கிறேன்' என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். 1990 மே 1 அன்று வெர்ராத் எ லூக்ஸ் என்ற இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் கூடியிருக்க, குடும்பம் குடும்பமாக மேடையேறி மன்னித்தார்கள். மொத்தத்தில் தீர்ந்த பகைகள் ஏறத்தாழ ஆயிரம். இங்கே மாடும் இல்லை, ஒட்டகமும் இல்லை. மன்னித்தவனுக்குக் கிடைத்தது மரியாதை மட்டுமே. ஆனால் அது கோழை என்ற பட்டத்தைத் துடைக்கப் போதுமானதாக இருந்தது, காரணம் அவன் ஊரறிய மன்னித்தான், தனியறையில் இல்லை.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. அந்த நேரத்தில் கொசோவோ அல்பேனியர்கள் எல்லோருக்கும் தலைக்கு மேல் செர்பிய ஆட்சியின் பெரிய அடக்குமுறை இருந்தது, நமக்குள் வெட்டிக்கொண்டிருந்தால் அழிந்துவிடுவோம் என்ற உணர்வுதான் கைகளை நீள வைத்தது. பொது எதிரி ஒருவன் இருந்தால் உள்பகை தீர்வது எளிது. உறையூரை முற்றுகையிட்டு நின்ற சோழன் நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்டிருந்த இன்னொரு சோழன் நெடுங்கிள்ளியிடமும் புலவர் கோவூர் கிழார் பேசியது வேறொரு வழி. நீ சூடியிருப்பதும் ஆத்தி, உன்னோடு பொருகிறவன் சூடியிருப்பதும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றார். பற்றை அவர் பழிக்கவே இல்லை, அதன் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து காட்டினார். பொது எதிரியைக் காட்டி ஒற்றுமை செய்வதை விட இது எனக்குப் பிடித்த வழி.

ஒன்றை மட்டும் நாம் அநேகமாக எப்போதும் தவறவிடுகிறோம், துக்கத்தை. வட அமெரிக்காவின் ஹொடெனொஷோனி மக்கள், மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா என்ற ஐந்து குடிகள், ஒருவரையொருவர் பழிவாங்கிக்கொண்டே அழிந்துகொண்டிருந்தவர்கள், ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே ஒரு கூட்டமைப்பாக இணைந்தார்கள். ஆயுதங்களை ஒரு வெள்ளைப் பைன் மரத்தின் அடியில் புதைத்ததாக அவர்கள் மரபு சொல்கிறது. அந்த மரபில் ஹயவாதா என்பவர் தன் மகள்களை இழந்து பித்துப் பிடித்தவர் போலத் திரிகிறார். அவரிடம் யாரும் அரசியல் பேசவில்லை. முதலில் அவர் கண்ணீரைத் துடைக்கிறார்கள், பார்க்க முடிய வேண்டும் என்று. அப்புறம் காதில் அடைத்திருப்பதை அகற்றுகிறார்கள், கேட்க முடிய வேண்டும் என்று. அப்புறம் தொண்டையில் சிக்கியிருப்பதை எடுக்கிறார்கள், பேச முடிய வேண்டும் என்று. ஒவ்வொன்றுக்கும் வாம்பம் என்ற சிப்பி மணிச்சரம் ஒன்றைக் கையில் கொடுத்துச் சொல்கிறார்கள். இது அவர்களிடம் இன்றைக்கும் சடங்காக இருக்கிறது. பறிகொடுத்தவன் பார்க்கவும் கேட்கவும் பேசவும் முடியாத நிலையில் இருக்கிறான், அவனைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து என்ன பயன்? தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் குலத் தாய்மார்களின் உரிமை என்பதும் இங்கே தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னதை வைத்துப் பழைய முறை எல்லாம் பொற்காலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சோமாலியக் கணக்கில் ஆணுக்கு 100 ஒட்டகம் என்றேனே, பெண்ணின் உயிருக்கு 50தான். பஷ்தூன் பகுதிகளில் பகையைத் தீர்க்க ஒரு பெண்ணை எதிரி வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் 'ஸ்வாரா' என்ற வழக்கம் உண்டு, பாகிஸ்தானில் அது இப்போது சட்டப்படி குற்றம். ஆண்கள் கொலை செய்வார்கள், விலையை ஒரு சிறுமி தன் வாழ்க்கையால் கட்டுவாள், அதற்குப் பெயர் சமாதானம். இதை என்னால் சமாதானம் என்று அழைக்க முடியாது. சின்னக் குலத்தவனுக்கு இழப்பீடு ஒழுங்காக வந்து சேர்வதில்லை, பணக்காரக் கூட்டத்தவன் கொன்றுவிட்டுக் கட்டிவிட்டுப் போகிறான். பெரியவர்கள் பேசி முடித்த பிறகும் கொன்றவன் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் என் கட்சி. பெரியவர்களின் வேலை அடுத்த கொலையைத் தடுப்பது, முதல் கொலையை மறைப்பது அவர்கள் வேலை இல்லை.

ஆயுதம் மாறினாலும் பழைய முறைகள் திணறிப்போகின்றன. பப்புவா நியூ கினியின் எங்கா மாகாணத்தில் வில் அம்போடு சண்டை நடந்த காலத்தில் சாவு கொஞ்சம், பன்றிகளைக் கொடுத்து இழப்பீடு செய்து, உறவைப் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. 1990 வாக்கில் பெரிய துப்பாக்கிகள் வந்தன. கூலிக்குச் சுடும் இளைஞர்கள் வந்தார்கள், பெரியவர்கள் பேச்சு எடுபடவில்லை, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த மக்களே களைத்துப்போய், கிராம நீதிமன்றங்களையும் இழப்பீட்டுச் சடங்கையும் மறுபடி கையில் எடுத்து, சண்டைகளைச் சீக்கிரமாகவும் குறைந்த சாவோடும் முடிக்கக் கற்றுக்கொண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் 2024 பிப்ரவரியில் அதே எங்காவில் ஒரே மோதலில் டஜன் கணக்கில் மாண்டார்கள். அமைதி ஒருமுறை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கிற நகை கிடையாது.

கோழைத்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பழிவாங்குவதைக் கடமையாகவே வைத்திருக்கும் பஷ்தூன்களிடம் போய் அப்துல் கஃபார் கான் 1929இல் குதாய் கித்மத்கார் இயக்கத்தைத் தொடங்கினார். வன்முறை செய்யமாட்டேன், பழி வாங்கமாட்டேன் என்று ஒவ்வொருவனும் சத்தியம் செய்து சேர வேண்டும். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆங்கிலேயப் படை சுட்டபோது நிராயுதபாணிகளாக நின்று செத்தார்கள். அந்தப் படையிலேயே இருந்த கார்வாலி வீரர்கள் சிலர் சுட மறுத்துத் தண்டனை அனுபவித்தார்கள். துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்து, அதைச் சுடவும் தெரிந்த ஒரு மனிதன், வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்து மார்பைக் காட்டுகிறான். அவனைப் பார்த்துக் கோழை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தப் பண்பாட்டிலேயே பழிவாங்கும் கடமையோடு 'நனவாதை' என்று இன்னொரு கடமையும் இருந்தது. எதிரியே வந்து வாசலில் அடைக்கலம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கஃபார் கான் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை, உள்ளே இருந்ததை எடுத்து முன்னால் வைத்தார்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அடித்துக்கொண்டே இருக்கும்போது, உன் வீட்டுக்குள் புகுந்து தாக்கும்போது, தற்காத்துக்கொள்ளாதே என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நான் பேசுவது அதற்கு மறுநாளைப் பற்றி. முதல் அடி விழுந்து, ஆஸ்பத்திரியில் ஒருவன் கிடந்து, போன் போனாகச் செய்தி பறந்து, இளவட்டங்கள் கூடி நிற்கிற அந்தச் சில மணி நேரம். இருபது வயதில் நானும் அப்படி ஒரு கூட்டத்தில் கையில் கட்டையோடு நின்றிருக்கிறேன். நண்பன் மண்டை உடைந்திருந்தது, உடைத்தவன் யாரென்றே எனக்குத் தெரியாது, அவன் 'அந்தக் கோஷ்டி' என்பது மட்டும் போதுமாக இருந்தது. எங்களில் மூத்தவர் ஒருவர், அந்தப் பக்கத்தில் தங்கையைக் கொடுத்தவர், நடுவில் வந்து நின்று வேண்டாம் என்று சொல்லவில்லை. 'காலையில் போகலாம், நானும் வருகிறேன்' என்றார். அந்தக் 'காலையில்' என்ற ஒரு சொல்தான். விடிந்தபோது பாதிப் பேர் வரவில்லை, மீதிப் பேர் அவரோடு பேசப் போனோம். நண்பனின் மருத்துவச் செலவு முழுவதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மண்டையை உடைத்தவன் மேல் வழக்கும் பதிவானது, எங்கள் பக்கம் அதை வாபஸ் வாங்கவும் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு நேராகச் சொல்வதானால், முதலில் அடிபட்டவன் வீட்டுக்குப் போய் உட்காருங்கள், சமாதானம் என்ற சொல்லையே அங்கே எடுக்காதீர்கள், அவர்கள் அழுது முடிக்கட்டும். வந்த செய்தியில் எது கண்ணால் கண்டது, எது கேள்விப்பட்டது என்று பிரித்துவிடுங்கள், கேள்விப்பட்டதை உங்கள் போனிலிருந்து ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் பக்கத்து இளைஞர்களை 'போகாதே' என்று தடுக்காமல் ஒரு ராத்திரி தள்ளிப்போடுங்கள். இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கிய உறவோ, கூட வேலை செய்த பழக்கமோ உள்ள ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைப் பிடியுங்கள், அவர் பெரிய மனிதராக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. அவர் போய்ப் பேசும்போது எதிர்த்தரப்பு முடியாது என்று திருப்பி அனுப்பும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இரண்டாம் தடவை போக வேண்டியிருக்கும், மூன்றாம் தடவையும்.